நீத்துப்பெட்டியைத் தேடி வந்தவர்கள்

2024 தைப்பொங்கலுக்குப் பிறகு நடந்த எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. வடமராட்சியில் பனையோலைப் பின்னல் செய்யும் 12 பெண்களைக் கொண்ட சிறிய குழு எங்களுடையது. பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி என்று ஓலையில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்வோம். நான் பின்னுவதில் கெட்டிக்காரி அல்ல. கொஞ்சம் கணினி தெரிந்தவள் என்பதால் குழுவின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அன்று நான் பெருமையோடு எழுந்து நின்று, "போன மாதம் எங்கட தளத்தை ஆயிரத்து இருநூறு பேர் வந்து பாத்திருக்கினம்" என்று அறிக்கை வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவி பெரியக்கா மட்டும் தட்டவில்லை. மடியில் கிடந்த அரைகுறைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபடியே கேட்டார்.

"அது சரி பிள்ளை. அந்த ஆயிரத்து இருநூறு பேரிலை எத்தினை பேர் பெட்டி வாங்கினவை?"

"நாலு பேர், பெரியக்கா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இணைய முகவரிக்கும் தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் கட்டும் நாள் நெருங்கியிருந்தது. அந்தக் காசுக்குச் சார்வோலை வாங்கினால் நாலு பேருக்கு ஒரு மாத வேலை கிடைக்கும் என்று பொருளாளர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. கடைசியில் ஆறு மாதம் பார்ப்போம், பயன் இல்லையென்றால் தளத்தை மூடிவிடுவோம் என்று தீர்மானமாயிற்று.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டு ஏன் சும்மா போகிறார்கள்?

எங்கள் தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் என்னும் இலவசச் சேவை. அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005 இல் வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் இதை அறிமுகப்படுத்தியது. தளத்தின் பக்கங்களில் ஒரு சிறு நிரல் துண்டை ஒட்டிவிட்டால், யார் என்ற பெயர் இல்லாமல், எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து, எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று கணக்கு வரும். பழைய பதிப்பு 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டு, இப்போது நாலாவது பதிப்பே பாவனையில் உள்ளது. நான் அதைத் திறப்பேன், மேலே தெரியும் பெரிய எண்ணை எழுதிக்கொள்வேன், மூடிவிடுவேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி!

அந்த இரவில் முதன்முறையாக உட்கார்ந்து நிதானமாக வாசித்தேன். அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. நான் வாசித்த 1,200 என்பது ஆட்களின் எண்ணிக்கையே அல்ல. பக்கங்கள் திறக்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை. ஒருவர் ஆறு பக்கம் பார்த்தால் அது ஆறு. அது மட்டுமா? ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவே நான் பத்துத் தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து மூடுவேன். அதுவும் கணக்கில் சேர்ந்திருந்தது. என் வீட்டுப் படலையை நானே திறந்து திறந்து மூடிவிட்டு, விருந்தாளிகள் வந்தார்கள் என்று எண்ணியிருக்கிறேன்.

இதற்குத் தீர்வாகக் கிடைத்ததுதான் என் முதலாவது துணைக் கருவி. அனலிட்டிக்ஸ் கணக்கில் நம் வருகை சேராதபடி தடுக்க, கணினி உலாவியில் பொருத்தும் சிறு கருவியொன்றைக் கூகுளே இலவசமாகத் தருகிறது. என் கணினியிலும் மகனின் கணினியிலும் அதைப் பொருத்தினேன். கைத்தொலைபேசி உலாவியில் இது வேலை செய்யாது. ஆகவே திருத்த வேலையைக் கணினியில் மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டேன். மறுமாதம் பக்கக் கணக்கு பாதியாகக் குறைந்தது. ஆட்களின் கணக்கோ 200 ஐக் கூடத் தொடவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தபோது கால் நடுங்கியது. சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனாலும் என் பெரிய எண்ணை நம்பித்தானே கைதட்டினார்கள்? சொல்லி முடித்ததும் பெரியக்கா என்னைப் பார்த்தார்.

"அடி பிழைச்சால் பெட்டி முழுக்கக் கோணிப்போகும் பிள்ளை. அவிழ்த்துப்போட்டுத் திருப்பிப் பின்னிறதிலை வெக்கம் ஒண்டும் இல்லை."

அந்த வார்த்தை எனக்குப் பெரிய தைரியம் தந்தது. அவிழ்த்துப் பின்னத் தொடங்கினேன்.

இரண்டாவது கருவி, கூகுள் சேர்ச் கொன்சோல். தளம் எங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டால், கூகுளில் என்ன சொல்லைத் தேடியவர்களுக்கு எங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடத்தில் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதை அழுத்தினார்கள் என்று சொல்லும். 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். அனலிட்டிக்ஸோடு இதை இணைத்தும் பார்க்கலாம். தேடிய சொற்களை அனலிட்டிக்ஸ் தனியாகத் தருவதில்லை. அதனால்தான் இது தேவைப்படுகிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெளிநாட்டார் வாங்குவார்கள் என்று எண்ணி, எங்கள் பொருட்களுக்கெல்லாம் 'பாம் லீஃப் ஸ்டீமர்', 'பாம் லீஃப் பாஸ்கட்' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டியிருந்தேன். தேடியவர்களோ 'நீத்துப்பெட்டி' என்றும் 'புட்டு அவிக்கும் பெட்டி' என்றும் நல்ல தமிழில் தேடியிருந்தார்கள். நீத்துப்பெட்டி என்ற சொல் எங்கள் தளத்திலேயே ஒரேயொரு இடத்தில், சங்க வரலாற்றின் நடுவில்தான் இருந்தது. ஆகவே தேடல் முடிவில் 30 ஆவது இடத்துக்கும் கீழே கிடந்தோம். அவ்வளவு தூரம் இறங்கி வந்து யார் பார்ப்பார்கள்? நாங்கள் வீட்டில் அழைக்கும் பெயரைக் கொண்டே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். பெரியக்கா சொல்லச் சொல்ல, புதுப் பெட்டியை எப்படிப் பழக்குவது, புட்டு அவித்தபின் எப்படிக் காயவைப்பது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது, கருவி என்று சொல்ல முடியாத அளவு எளிய உபாயம். வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பை அழுத்தி ஒருவர் வந்தால், எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸுக்குப் பெரும்பாலும் தெரியாது. 'நேரடி வருகை' என்று போட்டுவிடும். இதைத் தவிர்க்க, இணைப்பின் கடைசியில் ஒரு சிறு வால் சேர்க்க வேண்டும். 'யூடிஎம்' என்று அதற்குப் பெயர். முன்னே சொன்ன அர்ச்சின் நிறுவனத்தின் பெயரில் இருந்து வந்தது. இந்த வாலைக் கட்டித் தரக் கூகுளின் இலவசப் பக்கம் ஒன்று இருக்கிறது. வட்ஸ்அப்புக்கு ஒரு வால், பேஸ்புக்குக்கு ஒரு வால், பெட்டியோடு கட்டி அனுப்பும் அட்டையில் அச்சடித்த கியூஆர் குறிக்கு ஒரு வால் என்று பிரித்தேன். ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தரமும் சிறிய எழுத்தில் ஒரு தரமும் எழுதினால் அது இரண்டாகப் பிரிந்து கணக்காகும். நான் அந்தப் பிழையும் விட்டு, ஒரு வாரக் கணக்கைக் குழப்பியிருக்கிறேன்.

பேஸ்புக்கில் விளம்பரத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தோம். விருப்பக்குறிகள் குவிந்தன. தளத்துக்கு வந்தவர்களோ வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்கள். மாறாக, பெட்டியோடு போன அந்தச் சின்ன அட்டை வழியாக வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், வட்ஸ்அப் பொத்தானையும் அழுத்தினார்கள். ஒரு வீட்டில் எங்கள் பெட்டியில் அவித்த புட்டைச் சாப்பிட்ட இன்னொருத்தியாக இருக்கலாம். விளம்பரக் காசை நிறுத்தி அட்டை அடித்தோம்.

நாலாவது கருவி, மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் கிளாரிட்டி. 2020 இல் பொதுப் பாவனைக்கு வந்தது, இதுவும் இலவசம். பக்கத்தில் எங்கெங்கே விரல் பட்டது என்பதைச் சூட்டு வரைபடம்போல நிறத்தில் காட்டும். எவ்வளவு தூரம் கீழே தள்ளிப் பார்த்தார்கள் என்பதையும் காட்டும். அழுத்தியும் ஒன்றும் நடக்காத இடங்களைத் தனியே குறித்துத் தரும்.

இங்கேதான் வேடிக்கை. எங்கள் முகப்புப் பக்கத்தின் உச்சியில், தொடக்க விழாவில் பிரதம விருந்தினருக்கு மாலை போடும் பெரிய படம் இருந்தது. கைத்தொலைபேசியில் அது முழுத் திரையையும் பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே சங்க வரலாறு. அதற்கும் கீழேதான் பெட்டிகள். வந்தவர்களில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசிக்காரர். மாலையைப் பார்த்ததோடு போய்விட்டார்கள். பெட்டி வரை வந்த சிலரும் பெட்டியின் படத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார்கள். படம் பெரிதாகும், பின்னலை அருகில் பார்க்கலாம் என்று எண்ணியிருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடையில் ஒருத்தி பெட்டியைக் கையில் எடுக்க எட்டும்போதெல்லாம் நாங்கள் தள்ளி வைத்ததுபோல.

மாலைப் படத்தை எடுப்பதற்குத்தான் பெரிய சண்டை. "அவர் எங்களுக்காக வந்தவர், மரியாதை இல்லையோ?" என்றார் செயலாளர். கடைசியில் படம் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்குப் போனது. உச்சியில் நீத்துப்பெட்டி வந்தது, பக்கத்தில் விலையும் பொத்தானும்.

கிளாரிட்டியில் ஒருவர் தளத்தில் உலாவிய விதத்தை ஒரு படம்போல ஓட்டியும் பார்க்கலாம். முதல் நாள் ஆசையாக ஐந்தாறு பார்த்தேன். ஒருவர் விலையிடம் வருகிறார், நிற்கிறார், மேலே போகிறார், மறுபடி விலையிடம் வருகிறார், போய்விடுகிறார். பெயரும் முகமும் இல்லை. என்றாலும் வேலி ஓட்டையால் அடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல மனம் கூசியது. மக்கள் எழுதும் விபரங்கள் மறைக்கப்படுகின்றனவா என்று அமைப்பைச் சரிபார்த்தேன். இப்படியான கணக்கெடுப்பு நடக்கிறது என்று தளத்திலேயே தெளிவாக எழுதி, விரும்பாதவர்கள் மறுக்க வழி வைத்தேன். நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், வாசலுக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதானே முறை?

ஆனால் விலையிடம் நின்றவர் ஏன் போனார்? எந்தக் கருவியும் அதைச் சொல்லவில்லை. கூலி குறைத்து விற்கலாமா என்று கூடக் கதை எழுந்தது. ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் கூலியே அற்பம். அதிலும் குறைத்தால் பின்னுகிறவளுக்கு என்ன மிஞ்சும்? அதற்கு முன் ஒரு தரம் கேட்டுப் பார்ப்போம் என்று, வட்ஸ்அப்பில் விசாரித்துவிட்டு வாங்காமல் போன சிலருக்கு எழுதினேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா குரல் பதிவே அனுப்பினார்.

"விலை பரவாயில்லை மகள். தபால் செலவு எவ்வளவெண்டு எங்கேயும் போடேல்லையே. அது எவ்வளவு வருமோ எண்டு பயத்திலை விட்டிட்டன்."

இவ்வளவுதான் விடயம்! அன்றே தபால் செலவை விலைக்குக் கீழே எழுதினேன். கூலியில் கைவைக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்த கூட்டத்துக்கு நான் பெரிய எண் எதுவும் கொண்டு போகவில்லை. கொப்பியில் ஒரு பக்கம் மட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வட்ஸ்அப் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பெட்டி போனது என்று மூன்றே வரி. கடைசி மாதத்தில் வந்தவர்கள் 300 ஐத் தாண்டவில்லை. போன பெட்டிகள் 23. ஆண்டுக் கட்டணத்தைத் தளம் கொண்டுவந்த காசிலேயே கட்டினோம். மிச்சத்தில் சார்வோலையும் வாங்கினோம்.

சகோதரிகளே, உங்களில் பலர் தையல், சிற்றுண்டி, வீட்டுத்தோட்டம் என்று சிறு தொழில் செய்து, அதற்கொரு தளமும் வைத்திருப்பீர்கள். இந்தக் கருவிகளுக்குக் காசு தேவையில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பொருத்தவும் வேண்டாம். முதலில் உங்கள் சொந்த வருகையைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அடுத்து மக்கள் தேடும் சொல்லைப் பாருங்கள். அனலிட்டிக்ஸ் அமைப்பில் விரிவான ஆய்வுக்குரிய விபரங்கள் தாமாக இரண்டு மாதமே சேமிக்கப்படும். அதை 14 மாதமாக மாற்ற இன்றே மறக்காதீர்கள். நான் மறந்து, பொங்கல் காலக் கணக்கை இழந்தேன். இவ்வளவும் செய்த பிறகும் விளங்காத ஒன்று இருந்தால், கூச்சப்படாமல் வாடிக்கையாளரிடமே கேளுங்கள்.

போன கிழமை பெரியக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "இப்ப ஆர் பிள்ளை நிக்கினம் எங்கட தளத்திலை?" என்று கேட்டார்.

"ஒராள் நிக்கிறா பெரியக்கா. நீத்துப்பெட்டி பாக்கிறா."

"ஒராள் எண்டாலும் பறவாயில்லை. வடிவாப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஓலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார்.