வள்ளத்துக்குக் காது குத்தினோம்!

வீட்டுல மிக்ஸி ரிப்பேர் ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க? எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஆளாவே இருந்தாலும் தெருமுனைக் கடை அண்ணனுக்குத்தானே போன் போடுவீங்க? நானும் உங்க கட்சிதான். மூணு வருஷ ஈ.சி.இ.யில ஒரு ஃபேனைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட என்கிட்ட, போன செமஸ்டர் லீவுல அப்பா ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினார்.

"மக்ளே, நீ கரண்டு படிப்புதான படிக்க? இதை நம்ம வள்ளத்துல மாட்டித் தா."

உள்ளே ஃபிஷ் ஃபைண்டர். ஜி.பி.எஸ். சேர்ந்த மாடல். அம்மா மகளிர் குழுவில கடன் எடுத்து வாங்கினது. முப்பது வருஷமா தூண்டில் கயிறையும் ஈயக்குண்டையும் மட்டும் நம்பிக் கடலுக்குப் போன மனுஷன், திடீர்னு எதுக்கு இதைக் கேட்கிறார்னு எனக்குப் புரியலை. கேட்கவும் இல்லை. 'அப்பா அப்டேட் ஆயிட்டார்'னு ஹாஸ்டல் குரூப்பில போட்டோ போட்டதோட சரி.

சமாச்சாரம் ரொம்ப சிம்பிள். டிரான்ஸ்டியூசர்னு உள்ளங்கை அளவு ஒரு பிளாஸ்டிக் கட்டி இருக்கும். அதுதான் மெஷினோட வாயும் காதும். கீழ்நோக்கி ஒரு சத்தம் போடும், நம்ம காதுக்குக் கேட்காது. கடல் தண்ணில சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 33 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப 44 மில்லி செகண்ட். அந்த நேரத்தை வச்சு ஆழத்தைத் திரையில கோடா வரையும். நடுவுல மீன் வந்தா, அதோட வயித்துல இருக்கிற காற்றுப்பையில பட்டு எதிரொலி வரும். சதையைவிடக் காத்துதான் சத்தத்தைப் பலமாத் திருப்பி அடிக்கும். 1948-ல ஜப்பான்ல ஃபுருனோ சகோதரர்கள் முதல் ஃபிஷ் ஃபைண்டரைச் சந்தைக்குக் கொண்டு வந்ததும் இதே தத்துவத்துலதான். அவங்க நாகசாகிப் பக்கம் படகுகளுக்குக் கரண்டு வேலை பார்த்தவங்க. பட்டம் வாங்கப் போற நான் அவங்களுக்குக் குறைஞ்சவனா என்ன?

மேனுவலைப் பிரிச்சேன். முதல் படத்துல ஒரு குட்டி அலுமினியப் படகு. கண்ணாடி மாதிரி ஏரி. தொப்பி போட்ட ஒருத்தர், பின்பக்கப் பலகையில ரெண்டு ஸ்க்ரூ முடுக்கிட்டுச் சிரிக்கிறார். 'அரை மணி நேர வேலை'ன்னு நானும் சிரிச்சேன்.

எங்க வள்ளம் 28 அடி ஃபைபர். டிரில்லிங் மெஷினை எடுத்ததும் அப்பா பின்பக்கப் பலகையைக் கையால தடவிக்கிட்டே கேட்டார்: "ஓட்டை போடாம ஆகாதா மக்ளே?" வைவாவுக்கு நின்னப்பகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. ஃபைபருக்கு உள்ளே மரப்பலகை இருக்கு. துளை வழியாத் தண்ணி இறங்கினா வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே உளுத்துப் போகும். துளை ஆழமாப் போயிடாம இருக்க டிரில் பிட்டில டேப் சுத்திக்கிட்டேன். ஸ்க்ரூவுக்கு முன்னாடி துளை நிறைய சீலன்ட் விட்டேன். அதுவரைக்கும் நான் சமர்த்துதான்.

சொதப்பினது இடத்துல. பேட்டரி இடது பக்கம் இருந்துச்சு. கேபிள் சுத்த வேண்டாமேன்னு இன்ஜினை ஒட்டி இடது பக்கமே மாட்டினேன்.

மறுநாள் விடியக்காலம் கடலுக்குப் போனோம். வள்ளம் நின்னா திரையில அடித்தளம் அழகாத் தெரியுது. ஓட ஆரம்பிச்சா திரை முழுக்கக் கடுகு கொட்டின மாதிரி புள்ளி. எது மீன், எது தரைன்னு தெரியலை. எதிரொலியை நம்பி இடம் தேடித் தேடியே பெட்ரோல் தீர்ந்துது. வெறுங்கையோட திரும்பினோம். அப்பா திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கரை வர்ற வரைக்கும் வாயே திறக்கலை.

அன்னைக்கு ராத்திரிதான் மேனுவலை ஒழுங்காப் படிச்சேன். (நம்ம ஸ்டைலே அதுதானே? பரீட்சை முடிஞ்சு சிலபஸ் பார்க்கிறது.) மீனைக் காட்டிக் கொடுக்கிற அதே காத்துதான் மெஷினைக் குருடாக்கவும் செய்யுது. ப்ரொப்பெல்லர் கிளப்புற நுரை டிரான்ஸ்டியூசருக்கு அடியில போனா, சத்தம் அந்தக் குமிழிலேயே முட்டித் திரும்பிடும். பின்னாலிருந்து பார்த்தா எங்க ப்ரொப்பெல்லர் கடிகாரச் சுத்துல சுத்தும். அந்த மாதிரி இன்ஜினுக்கு வலது பக்கம்தான் நல்லது, இலை கீழ்நோக்கி இறங்குற பக்கம் அதுதான். தள்ளி இருக்கணும், குறைஞ்சது ஒண்ணேகால் அடி.

ஆனா வலது பக்கம்னா எங்கே? இதை மேனுவல் சொல்லலை, அப்பா சொன்னார். என்னை இன்ஜின் பிடிக்கச் சொல்லிட்டு, பின்பக்கம் குப்புறப் படுத்து, ஓடுற வள்ளத்துக்கு அடியிலிருந்து தண்ணி எப்படிக் கழண்டு வருதுன்னு பார்த்தார். மெதுவா, வேகமா, மறுபடியும் மெதுவா. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு இடத்துல விரலை வச்சார். "இங்க வெள்ளை இல்ல. தண்ணி கறுப்பாட்டு வருது." கிட்டக்க இருக்கிறதை அவர் கண்ணு அவ்வளவு துல்லியமாப் பார்த்துது. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

பழைய துளைகளை எப்பாக்ஸியால அடைச்சுட்டு அங்கே மாட்டினேன். முழு வேகத்துலயும் கோடு அலுங்கலை! நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டது சரியா நாலு மணி நேரம்.

கரைக்கு வந்தோம். எங்க ஊருல ஜெட்டி கிடையாது. அலை மேல ஏறி, மணல்ல மோதி, இருபது பேர் தோள் கொடுத்து இழுத்துத்தான் வள்ளம் ஏறும். முன்னாலிருந்து ஏதாவது இடிச்சா மடங்கிக்கிற மாதிரிதான் அந்தக் கிளிப்பைச் செஞ்சிருக்காங்க. மேலேயிருந்து வள்ளமே உட்கார்ந்தா? 'டப்'புன்னு ஒரு சத்தம். கிளிப் ரெண்டு துண்டு. டிரான்ஸ்டியூசர் தப்பிச்சது மாதா புண்ணியம். ஏரியில இருக்கிற தொப்பிக்காரருக்கு எங்க மணலைப் பத்தி என்ன தெரியும்?

கடைசியில கைகொடுத்தது ஃபைபர்தான். நடுவுல ஃபோமோ காத்தோ இல்லாத கெட்டி ஃபைபரா இருந்தா, டிரான்ஸ்டியூசரை வள்ளத்துக்கு உள்ளேயே ஒட்டிடலாம். சத்தம் ஊடுருவிப் போகும். அந்த அலுமினியப் படகுல இந்த வித்தை பலிக்காது. எங்கே ஒட்டுறதுன்னு பார்க்க ஒரு பிளாஸ்டிக் பையில தண்ணியை நிரப்பி அதுக்குள்ளே டிரான்ஸ்டியூசரைப் போட்டு, இடம் இடமா அழுத்திப் பார்த்தேன். ஆழம் தெளிவாத் தெரிஞ்ச இடத்துல, குமிழி விழாம எப்பாக்ஸி ஊத்தி ஒட்டியாச்சு. சத்தம் கொஞ்சம் பலம் குறையும், பரவாயில்லை. தண்ணியோட வெப்பநிலைன்னு அது காட்டுற நம்பரை மட்டும் நம்பாதீங்க, அது வள்ளத்தோட காய்ச்சல்!

மூணாவது பயணம். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. அப்பாவுக்குக் கடலடிப் பார் எல்லாம் கணியத்துலதான் கணக்கு. கரையில இருக்கிற மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில சேர்த்துப் பார்த்து இடம் பிடிக்கிறது.

"மக்ளே, மருந்துவாழ் மலை கோபுரத்துக்கு எந்தப் பக்கம் நிக்கு?"

"கிழக்கப்பா." டெஸ்ட் வைக்கிறார்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்பம்?"

மூணாவது தடவை கேட்டப்ப திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருந்தார். அந்த வெட்டவெளியில, அவ்வளவு பெரிய மலை அவருக்குத் தெரியலை.

"எப்பலேருந்துப்பா?"

"ரெண்டு வருசம் ஆவும். புரைன்னு சொன்னாவ. ஆப்பரேசன் பண்ணுனா கொஞ்ச நாளு கடலுக்குப் போவ முடியாதுல்ல... அதுக்கு முன்ன எல்லாப் பாரையும் இதுல ஏத்திரணும்னு பாக்கேன்."

முப்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லாத இடங்கள். கூட வர்ற மாமாவுக்குக்கூட முழுசாத் தெரியாது.

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். ஈயக்குண்டை இறக்கி, கயிறை விரலால தொட்டுப் பார்த்தார். "பதினெட்டு பாகம். கல்லு." திரையில 33 மீட்டர். கோடு கரடுமுரடா மேலே ஏறிக்கிட்டு இருந்துச்சு.

இடத்தைப் பதிஞ்சேன். மெஷின் பேர் கேட்டுச்சு.

"இந்தப் பாருக்குப் பேரு என்னப்பா?"

கயிறைச் சுத்திக்கிட்டே வேற பக்கம் திரும்பிக்கிட்டார்.

"உங்க அம்மைக்க பேரைப் போடு. நான் அப்பிடித்தான் வச்சிருக்கேன்."