சிவப்பு பியூஸ் இருந்த இடத்தில் பச்சை பியூஸ்



கெப், பட்டா, லொறி வைத்திருக்கும் நம்ம ஊர்ச் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்து முடித்ததும் உங்கள் வண்டியின் பியூஸ் பெட்டியை ஒருதரம் திறந்து பாருங்கள்.

மச்சான் பேசாலைக் கரையில் மீன் ஏற்றி அனுராதபுரம் பக்கம் கொண்டுபோகிறவர். போன கிழமை அவருடைய பழைய டபல் கெப்பில் பின்னால் டெயில் லைட் இரண்டும் இல்லை, நம்பர் பிளேட் லைட் இல்லை, டெஷ்போர்டும் இருட்டு. ஆனால் ஹெட்லைட் எரிகிறது, பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு வருகிறது. வயரிங் முழுக்க மாற்றவேணும் என்று ஓரிடத்தில் சொல்லி, பெரிய தொகை ஒன்றும் கேட்டிருக்கிறார்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரித் தெரியும் மூன்று நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் நின்றுபோனால், அவை எல்லாம் பெரும்பாலும் ஒரே பியூஸில்தான் இருக்கும். பியூஸ் பெட்டியின் மூடியைப் புரட்டிப் பார்த்தால் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். நாங்கள் பார்த்தபோது டெயில் லைட்டுக்குரிய 10 அம்பியர் சிவப்பு பியூஸ் நடுவில் உருகிக் கறுத்திருந்தது. புதுசு ஒன்று போட்டு லைட் சுவிட்சைத் திருப்பியதும் அதுவும் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் உடனே சொன்னார்: "பச்சைய போடுங்க நானா, அது போகாது."

உண்மைதான், போகாது. பச்சை என்றால் 30 அம்பியர். (நிறங்களை நினைவில் வையுங்கள்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.) பியூஸ் போகாவிட்டால் வேறு எது போகும் என்பதுதான் கேள்வி. வயரில் உண்டாகும் சூடு, ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். 10 அம்பியருக்குப் பதில் 30 ஓடினால் சூடு மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. டெயில் லைட்டுக்குப் போவது மெல்லிய வயர். அது டெஷ்போர்டுக்குப் பின்னால், மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்குள்ளே வேகும். பட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பியூஸ் பொதுவாக 80, 100 அம்பியர் தாங்கக்கூடியது. இந்த மெல்லிய வயர் எரிவது அதற்குத் தெரியவே தெரியாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதைவிட வண்டிக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்னால் இரண்டு, முன்னால் பார்க்கிங் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, எல்லாம் 5 வாட் பல்புகள். டெஷ்போர்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் இரண்டரை அம்பியர். 10 அம்பியர் பியூஸுக்கு அது தாராளம். ஆகவே பியூஸ் சின்னது என்பதல்ல பிரச்சினை. எங்கேயோ வயர் பொடியில் முட்டுகிறது.

அதைத் தேடப் புதுப் புதுப் பியூஸாக எரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து, பியூஸ் இருந்த இரண்டு முனைகளிலும் கொடுத்தோம். ஷோர்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சமாக எரியும். ஷோர்ட் விடுபட்டால் மங்கிவிடும். ஒருவர் பல்பைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் வயர்களை ஒவ்வொன்றாக அசைக்கவேணும். (எயார்பேக் வயர்களில் இந்த விளையாட்டு வேண்டாம். அவை பெரும்பாலும் மஞ்சள் நிறக் கட்டாக இருக்கும்.) பின்பக்கத்து கனெக்டரைக் கழற்றியதும் பல்பு மங்கியது. ஆக, முன்னால் எல்லாம் சரி. நோய் பின்னால்.

மச்சான் கீழே படுத்து டோர்ச் அடித்துக்கொண்டு போனார். நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகும் வயர் சேஸியின் ஓட்டை ஒன்றுக்குள்ளால் போகிறது. அந்த ஓட்டையில் இருக்கவேண்டிய ரப்பர் வளையத்தைக் காணவில்லை. இரும்பு விளிம்பு வயரின் தோலை உரித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துத் தூளாகக் கொட்டியது.

காரணம் தேடி அலையத் தேவையில்லை, மேலே மீன் பெட்டி. ஐஸ் உருகி, உப்பும் மீன்தண்ணீரும் சேர்ந்து பின்கதவு இடுக்கால் வடிந்து, ஒவ்வொரு நாளும் அந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது. அதோடு நம்ம தீவின் காற்று. சோழகம் அடிக்கும் மாதங்களில் வீட்டுக் கதவின் கீல்கூடத் துருப்பிடிக்கிறது, வண்டியின் அடிப்பக்கத்தைச் சொல்லவா வேணும்? மீன் ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்கள் கடைசி டிரிப் முடிந்ததும் மேலே மட்டும் கழுவாமல், கீழேயும் நல்லதண்ணீர் அடியுங்கள்.

முதலில் பட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். பச்சை பூத்த பகுதியை, செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டி எறிந்தோம். புதுத் துண்டு வயர், ஈயப் பற்று, மேலே சுருங்கும் குழாய், ஓட்டைக்குப் புது ரப்பர், கனெக்டருக்குள் கொஞ்சம் கிறீஸ். மறுபடியும் அதே சிவப்பு 10. அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை நிற்கிறது. அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன்னம் முடிந்துவிட்டது. செலவு, ஒரு கிலோ மீனின் விலைகூட வராது.

டெயில் லைட்தானே, பகலில் ஓடினால் போச்சு என்று சிலர் நினைக்கலாம். மீன் வண்டி பகலில் ஓடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு மன்னார்ப் பாலத்தில், இரண்டு பக்கமும் தண்ணீர், பின்னால் வெளிச்சமில்லாத வண்டி ஒன்று மெதுவாகப் போகிறது. அதற்குப் பின்னால் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வேகமாக வருகிறான் என்று வையுங்கள். மதவாச்சி வீதியில் மாட்டுக்கும், டவுனுக்குள்ளே கழுதைக்கும் திடீரென்று பிரேக் பிடிக்காத டிரைவர் நம்மிடையே யார்? பிரேக் பிடித்தால்தான் அந்தச் சிவப்பு வெளிச்சம் வரும். அதுவரை அந்தப் பையனுக்கு முன்னால் வெறும் இருட்டு.

வீட்டுப் பியூஸும் இதே கதைதான். பழைய பீங்கான் கட்டவுட் உள்ள வீடுகளில், பியூஸ் கம்பி அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்திருப்பதை நானே கண்டிருக்கிறேன். கூரையோ கிடுகு.

வண்டியில் ஒரு சின்ன டப்பாவில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நாலைந்து பியூஸ் வைத்திருங்கள். போனால், அதே எண் உள்ளதை ஒரேயொரு தடவை போடுங்கள். அதுவும் போனால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

மச்சானின் கூட்டாளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தன் பட்டாவின் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். சிவப்பு இருக்கவேண்டிய இரண்டு இடத்தில் பச்சை. யார் போட்டது, எப்போது என்று அவருக்கே தெரியாது. இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை காலையில் அதைப் பார்க்கப்போகிறோம்.