பால் இல்லாத டீ... பழைய ஸ்வெட்டர்... எங்க வீட்டு மார்கழி!

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு பஸ் ஏறியாச்சா? சென்னைக்காரங்களுக்கு மார்கழின்னா, ஃபேனை ஒரு பாயின்ட் குறைக்கிறது. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு, எக்ஸ்ட்ராவா ஒரு போர்வை. எங்களுக்கு? பக்கெட் தண்ணிக்குள்ள கையை விட்டு எடுத்தா, அஞ்சு விரலும் இருக்கான்னு எண்ணிப் பார்த்துக்கணும்! நான் நீலகிரிப் பொண்ணு. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல ஒரு தேயிலை எஸ்டேட். அம்மா கொழுந்து பறிக்கிறாங்க. வரிசையா ஒட்டிக் கட்டின லயன் வீடுகள்ல ஒண்ணு எங்க வீடு.

இப்ப போனைத் திறந்தாலே ‘கோஸி விண்டர்’ வீடியோதான். ஓட்ஸ் பால் ஊத்தின காபி, வீகன் சூப், கையால பின்னின மஃப்ளர், ‘த்ரிஃப்ட்’ பண்ணின செகண்ட் ஹேண்ட் ஸ்வெட்டர். என் ஹாஸ்டல் ரூம்மேட் அதையெல்லாம் காட்டி, “வாழ்ந்தா இப்படி வாழணும்டி”ன்னு உருகுவா. அவ சுத்தமான வீகன். பால், நெய், தேன் எதையும் தொட மாட்டா. நான் அவகிட்ட சொன்னேன்... “மேடம், நீங்க தேடுற எல்லாமே எங்க வீட்டுல இருக்கு. பேருதான் வேற!”

அந்தப் பேர்களைத்தான் இப்ப உங்ககிட்ட சொல்லப் போறேன்.

சாயத்தண்ணி

பால் ஊத்தாத டீக்கு எங்க வீட்டுல இதுதான் பேர். டம்ளர்ல சீனி போட மாட்டோம். உள்ளங்கையில கொஞ்சம் சீனியைக் கொட்டி, அதை நக்கிக்கிட்டே டீயை உறிஞ்சணும். சர்க்கரை மிச்சம், ருசி டபுள்!

இந்தப் பழக்கம் எங்க வீட்டுக்கு இலங்கையில இருந்து வந்தது. 1964 அக்டோபர் 30ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள்ல தலைமுறை தலைமுறையா வேலை செஞ்ச தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. கணக்கு டேலி! ஆனா, மூட்டை கட்டினவங்க நிஜ மனுஷங்க.

எங்க அம்மா அப்படி வந்தவங்கதான். 1974ல தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது அவங்களுக்கு ஏழு வயசு. ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்து, அப்புறம் நீலகிரி. இப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கிறதுக்காகவே அரசாங்கம் 1968ல டான்டீ தோட்டங்களை ஆரம்பிச்சது. எங்க குடும்பத்துக்கு வேலை கிடைச்சது ஒரு தனியார் எஸ்டேட்ல. பேர் வேண்டாம், விடுங்க. அரசாங்கக் காகிதத்துல எங்க பேரு ‘தாயகம் திரும்பியோர்’. பஜார்ல ‘சிலோன்காரங்க’. அங்கே இருந்தப்ப ‘இந்தியாக்காரங்க’ன்னு சொன்னாங்களாம்!

சரி, டீக்கு வருவோம். பால்ல இருக்கிற கேசின்ங்கிற புரதம், டீயில இருக்கிற துவர்ப்புப் பொருட்களைப் பிடிச்சு வெச்சுக்கும். அதனாலதான் பால் டீ நாக்குல மெத்துன்னு இருக்கு. பால் இல்லைன்னா அந்த துவர்ப்பு நேரா வந்து அறையும். அதனால கொதிக்கிற தண்ணியை இறக்கி, தூளைப் போட்டு, மூணு நிமிஷத்துல வடிச்சுடுங்க. தூளோட சேர்த்துக் கொதிக்க விட்டீங்கன்னா, அதுக்கு நான் பொறுப்பில்ல!

அம்மா வீகனா?

1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து ‘வீகன்’ங்கிற வார்த்தையை உருவாக்கினாங்க. எங்க அம்மாவுக்கு அது தெரியாது. போன வருஷம் ரூம்மேட்டைப் பொங்கல் லீவுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். “ஆன்ட்டி, உங்க சமையல்ல பாதிக்கு மேல வீகன்!”னு அவ பூரிச்சுப்போனா. அம்மா கேட்டது ஒரே கேள்வி... “அப்படின்னா என்ன பாப்பா, கைச்செலவு இல்லாத சமையலா?”

கிட்டத்தட்ட அதேதான்! குறிச்சுக்கங்க.

தேங்காய் ரொட்டி: கோதுமை மாவு, அதுல பாதிக்குத் துருவின தேங்காய், பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, கையாலேயே கனமா தட்டி, எண்ணெய் இல்லாத கல்லுல மெதுவான தீயில சுடணும். தேங்காயில இருக்கிற எண்ணெயே போதும்.

சம்பல்: காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய்ப்பூ. எல்லாத்தையும் அம்மியில ஒண்ணுரெண்டா தட்டி, எலுமிச்சை பிழியணும். இலங்கையில இதுல மாசிக் கருவாடு சேர்ப்பாங்க. இங்கே அது கிடைக்காததால, எங்க வீட்டு சம்பல் தானாவே சைவமாயிடுச்சு!

பால் பருப்பு: மைசூர் பருப்பை மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாயோட ரெண்டாம் தேங்காய்ப்பால்ல வேக வைங்க. வெந்ததும் கெட்டியான முதல் பாலை ஊத்தி, நுரை கூடினதும் இறக்கிடுங்க. கொதிக்க விட்டா கொழுப்பு தனியா பிரிஞ்சு, திரிஞ்ச மாதிரி ஆயிடும்.

ஒரே ஒரு விஷயம். முழுசா வீகனா மாறப் போறவங்க வைட்டமின் பி12ஐ மறந்துடாதீங்க. சாதாரண தாவரச் சாப்பாட்டுல இருந்து அதை நம்பி எடுக்க முடியாது. டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையோ, அது சேர்த்த உணவோ எடுத்துக்கணும். என் ரூம்மேட் அதுல பக்கா.

பிரி... பின்னு!

பனிக்காலம் அழகுதான். ஆனா, எங்க லயன்ல அது காசு குறையுற காலம். மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரைச் சூடு அப்படியே வானத்துக்குப் போயிடும். கனமான குளிர் காத்து பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். காலையில பார்த்தா, பள்ளத்துல இருக்கிற தேயிலை உறைபனி பிடிச்சு, வெயில் ஏற ஏறக் கருகிக் கிடக்கும். எங்க எஸ்டேட்ல குறிச்ச கிலோவுக்கு மேல பறிச்சாதான் கூடுதல் காசு. கொழுந்தே இல்லாதப்ப எங்கே பறிக்க? வேடிக்கை என்னன்னா, இந்தக் குளிர்ல தப்பிச்சு மெதுவா வளர்ற கொழுந்துக்குத்தான் வாசனை தூக்கல். ‘ஃப்ராஸ்ட் டீ’ன்னு பேர் போட்டு நல்ல விலைக்கு விக்கிறாங்க. எங்க சாயத்தண்ணிக்கு அதே பழைய டஸ்ட் தூள்தான்!

அதனால குளிருக்குப் புதுசா எதையும் வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. வாரச்சந்தை அன்னிக்குத் தார்ப்பாய் விரிச்சுப் பழைய ஜெர்கின், ஸ்வெட்டர் எல்லாம் குவிச்சு வெச்சிருப்பாங்க. அந்தக் குவியல்ல முங்கி முத்தெடுக்கிறது எப்படின்னு அம்மா எனக்குக் கத்துக்கொடுத்தது இது...

முதல்ல உள்பக்கத் தையலைப் பாருங்க. ஓவர்லாக் அடிச்சிருந்தா, துணியை வெட்டித் தைச்சதுன்னு அர்த்தம். பிரிச்சா துண்டு துண்டாத்தான் வரும். பின்னின பாகங்களை ஓரத்துல கோத்து மட்டும் இணைச்சிருந்தா ஜாக்பாட்! ஒரே நூலா உருவிடலாம்.

அடுத்து, நிஜ கம்பளியா, அக்ரிலிக்கான்னு தெரியணும். ஒரு சின்ன நூலை இடுக்கியில பிடிச்சு, வாஷ்பேசின் மேல வெச்சுக் கொளுத்துங்க. முடி கருகுற வாடை வந்து, விரல்ல நசுக்கினா சாம்பலாப் போனா கம்பளி. உருகிக் கறுப்பு மணி மாதிரி கெட்டியானா அக்ரிலிக். எங்க சந்தையில பத்துக்கு எட்டு அக்ரிலிக்தான்.

உருவின நூல் சுருள் சுருளா இருக்கும். கவுத்துப்போட்ட ஸ்டூல் காலைச் சுத்திக் கண்டா ஆக்கி, நாலு இடத்துல தளர்வா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில ஷாம்பு போட்டு அலசுங்க. பிழியாம, கீழே ஒரு ஈரத் துண்டைத் தொங்கவிட்டுக் காயப்போட்டா நூல் நேராயிடும். பின்னல் ஊசிக்கு எங்கே போறது? சைக்கிள் கடையில ரெண்டு போக்ஸ் கம்பி வாங்கி, முனையைத் தேய்ச்சுக்கங்க. மெல்லிசான நூலுக்குக் கச்சிதம். எங்க அம்மா பின்னின பாதி ஸ்வெட்டர் சைக்கிள் கம்பியில பொறந்ததுதான்!

“கம்பளி ஆட்டோட சொத்தாச்சே, வீகன் போடலாமா?”ன்னு ரூம்மேட்கிட்ட கேட்டேன். “புதுசு வாங்கினா ஆட்டுக்குக் கணக்கு எழுதணும். பழசைப் பிரிச்சா யாருக்கு நஷ்டம்?”னு ஒரு வாரம் யோசிச்சா. கடைசியில அக்ரிலிக் நூல்ல ஒரு மஃப்ளரை வாங்கிட்டுப் போயிட்டா. நேர்மைதான்!

பழைய துணியோட பயணம் பெருசு பாஸ். உலகம் முழுக்கத் தூக்கிப் போடுற கம்பளித் துணி, ஹரியானாவுல இருக்கிற பானிபட்டுக்கு வந்து, கிழிஞ்சு நாராகி, மறுபடி நூலாகி, விலை மலிவான போர்வையாகுது. வெள்ளம், பூகம்பம் வந்தப்ப நிவாரணமா அந்தப் போர்வைகள் நிறையப் போயிருக்கு.

ஒரு வேண்டுகோள். இப்பல்லாம் எங்க சந்தைக் குவியலுக்குக் காரில் வந்து, நல்ல ஸ்வெட்டரை எல்லாம் மொத்தமா அள்ளிட்டுப் போறாங்க. போட்டோ எடுத்து அஞ்சு மடங்கு விலைக்கு விக்கிறாங்க. குவியல்லயும் விலை ஏறிடுச்சு. விடியக்காலையில பெரட்டுக்குப் போறவங்களுக்கு அது ஃபேஷன் கிடையாது, குளிர் தாங்குற ஒரே வழி. உங்களுக்கு வேணுங்கிற ஒண்ணை எடுங்க. குழந்தைங்க சைஸை மட்டுமாவது விட்டுவைங்க. ப்ளீஸ்!

அடுப்பு... ஜாக்கிரதை!

கவ்வாத்து வெட்டினப்ப கிடைச்ச தேயிலை மிலாறுதான் எங்களுக்கு விறகு. ராத்திரி அந்த அடுப்பைச் சுத்தி உட்கார்றதுதான் எங்க வீட்டு டி.வி., போன், எல்லாமே. ஆனா, மலைக்கு டூர் வர்றவங்க கவனிங்க. கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சு, கதவு ஜன்னலை மூடிட்டுத் தூங்கிடாதீங்க. கரி நெருப்புல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தூக்கத்திலேயே ஆளை முடிச்சுடும். எங்க லயன்ல கூரைக்குக் கீழ ஒரு இடுக்கு எப்பவும் திறந்தே இருக்கும். “அடைச்சிடலாமா?”ன்னு கேட்டா அம்மா சொல்றது, “குளிர் வரட்டும் பாப்பா. நம்மளும் காலையில எந்திரிக்கணும்ல!”

மார்ச் வரைக்கும்தான்

இவ்வளவு கதை சொன்னேனே, அந்த வீடு எங்களுடையது இல்லை.

1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு கொடுக்கணும்னு சொன்னது. அதாவது, தொழிலாளியா இருக்கிற வரைக்கும். மார்ச்ல அம்மாவுக்கு 58 முடியுது. ரிட்டயர்மென்ட். வேலை முடிஞ்சா வீட்டுச் சாவியையும் கொடுத்துடணும். 40 வருஷம் சாணி மெழுகி, சுண்ணாம்பு அடிச்சு, வாசல்ல டேலியா வெச்ச வீடு.

வீட்டுல வேற ஒருத்தர் பேர் பதிஞ்சா, வீடு தங்கும். அப்பா இல்லை. அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். மிச்சம் நான். “பாப்பா பேரைப் பதிஞ்சிரு. படிப்பைத் தபால்ல படிக்கட்டும்”னு பக்கத்து வீட்டு அத்தை நல்ல மனசோடதான் சொன்னாங்க. அம்மா முறத்துல இருந்து தலையே தூக்கலை. “அவ தூக்கக் கூடாதுன்னுதான் நான் 40 வருஷம் கூடை தூக்கினேன் மதினி”ன்னு சொல்லிட்டு, பருப்புல கல் பொறுக்கப் போயிட்டாங்க.

எனக்கு டிகிரி முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அம்மா, திருப்பூர்ல அண்ணனோட ஒத்தை ரூமுக்குப் போறாங்க. ஏழு வயசுல இருந்து மலையை விட்டுக் கீழே தங்கினதே இல்லாதவங்க. அங்கே ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. மிலாறு அடுப்புக்கு இடம் இல்லை. குன்னூர்ல வாடகைக்குப் பார்த்தோம். அட்வான்ஸைக் கேட்டதும் அம்மா பேசாம பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேலை கிடைச்சதும் மலையிலேயே ஒரு வீடு பிடிக்கணும்ங்கிறது என் பிளான். நடக்குமான்னு இப்ப சொல்ல முடியலை.

அதனால இந்த லீவுல நான் ரீல்ஸ் பார்க்கலை. ஒரு பழைய லேப் ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டு இருக்கேன். சம்பலுக்கு எத்தனை மிளகாய், காலர் பின்ன எத்தனை கண்ணி குறைக்கணும், கப்பல்ல என்ன சாப்பாடு போட்டாங்க, எல்லாம். “இதை எல்லாமா எழுதுவாங்க?”ன்னு அம்மா வெட்கப்படுறாங்க. ஆனா, நான் நோட்டை மூடினா, “கம்பளியை மோந்து பார்த்தாலே தெரியும்னு எழுதினியா?”ன்னு அவங்களே எடுத்துக் கொடுக்கிறாங்க!

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருப்பாங்க. ஒயர் கூடை பின்னுற சித்தி, பழைய சேலையில மெத்துன்னு விரிப்பு தைக்கிற பாட்டி, மீந்த சோத்துல வடகம் போடுற அம்மா. அவங்ககிட்ட ‘கோஸி’ன்னு சொல்லிப் பாருங்க, முழிப்பாங்க. பரவாயில்லை. பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணே ஒண்ணைக் கத்துக்கங்க. வீடு மாறிட்டே இருக்கும் ஃப்ரெண்ட்ஸ். எங்க அம்மாவுக்கு இது மூணாவது. கைக்குத் தெரிஞ்சதை மட்டும் எந்த ஆபீஸ்லயும் சாவி மாதிரித் திருப்பிக் கொடுக்க வேண்டியது இல்லை.

லீவு முடியுறதுக்குள்ள எனக்கு இன்னும் ஒரு கை மட்டும்தான் பின்ன பாக்கி. அரைக்கை ஸ்வெட்டராவே விட்டுடலாம்னு அம்மா சொல்றாங்க... திருப்பூர் வெயிலுக்கு அதுதான் சரியாம்!