பெயருக்கு விலையா, பொருளுக்கு விலையா?

ஒரு பொருளை வாங்கும்போது நாம் எண்ணிக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்தப் பொருளுக்குரியது, எவ்வளவு அதன் பெயருக்குரியது என்று பிரித்துப் பார்க்க யாராலும் எளிதில் இயலுவதில்லை. புடைவை வாங்கினாலும் கடிகாரம் வாங்கினாலும் இதே நிலைதான். ஆயினும், ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கக்கூடிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கப் புறப்படும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பாராமல் இருத்தல் தகாது.

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக அமைந்த நிலத்தில், எங்கள் ஆலங்குடா இருக்கிறது. முன்னர் மீன்பிடியும், மணல் தோட்டங்களில் விளையும் வெங்காயமும் மிளகாயுமே இங்குள்ளோரின் பிழைப்பு. இன்று அவற்றோடு உல்லாசப் பயணிகளும் சேர்ந்துவிட்டனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாயிருக்கும் காலத்தில் டொல்பின் கூட்டங்களைக் காண வெளிநாட்டார் வந்த வண்ணமிருப்பர். அவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, மீண்டும் கொண்டு சேர்ப்பது பல இளைஞர்களுக்குத் தொழிலாகிவிட்டது. என் தமக்கையின் மகனும் அவர்களுள் ஒருவன். கட்டார் நாட்டில் எட்டு ஆண்டுகள் வண்டியோட்டித் திரும்பியவன்; சொந்த வேன் ஒன்றில் ஹயர் ஓடுகிறான்.

ஐந்தாண்டுத் தடைக்குப் பின் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு அரசு மீண்டும் வழிவிட்டபோது, அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது. உயர்ந்த விடுதிகளில் தங்குவோர் வேனில் ஏறத் தயங்குகின்றனர். கல்யாண வீட்டாரும் மாப்பிள்ளைக்கு நல்ல கார் ஒன்றைத் தேடுகின்றனர். ஆகவே ஒரு செடான் வாங்கினால் தொழில் ஓங்கும் என்று கருதினான். கையிருப்புப் போதவில்லை. அப்போது என் ராத்தா, கடலோரத்தில் தமக்கிருந்த ஒரே காணித் துண்டை விற்றுத் தர முன்வந்தார்.

அந்தக் காணியின் வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்களாக முகாம்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றில் என் ராத்தா தம் கணவரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்து, சீட்டுப் பிடித்து, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய காணி அது. அதை விற்று வாங்கும் வண்டி வெறும் இரும்பாக இருத்தல் ஆகாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தேயிருந்தது.

மருமகனின் முன்னால் இரண்டு வழிகள் நின்றன. ஒன்று, மெர்சிடிஸ் பென்ஸ். புதிய பென்ஸ் எங்கள் கைக்கு எட்டாத கனி; எட்டிய விலையில் கிடைத்தது ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய வண்டி. மற்றொன்று, சீனத்துப் பிவைடி நிறுவனத்தின் 'சீல்' என்னும் மின்சாரச் செடான். புதிது, விலையும் சற்றுக் குறைவு. ஆனால், இலங்கையில் அதன் வரவு 2024ஆம் ஆண்டில்தான்.

"மாமா, நீங்கள் படித்தவர். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்" என்றான்.

"வாங்குகிறவன் நீ, ஓட்டுகிறவனும் நீ. நான் கேள்விகளைக் கேட்கிறேன், விடையை நீ தேடு" என்றேன்.

முதலில் பழம்பெயரின் பெருமையை எடை போட்டோம். கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886இல். அவருடைய நிறுவனமும் டைம்லர் நிறுவனமும் 1926இல் ஒன்றாயின. அன்றிலிருந்து அந்த மும்முனை நட்சத்திரம் உழைப்புக்கும் உறுதிக்கும் அடையாளமாக விளங்கிவருகிறது. எங்கள் நாட்டிலும் அதற்கு நெடுங்காலமாகவே முகவரும் உண்டு, பழகிய கராஜ்களும் உண்டு. கல்யாண ஊர்வலத்தில் பென்ஸ் வந்து நின்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. விளக்கம் தேவைப்படாமையே ஒரு பெயரின் முதல் விலை. அதை ஏளனம் செய்வது அறிவாகாது; பலர் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துத் தந்த நற்சான்றின் திரட்சியே நற்பெயர்.

ஆனால், அந்த நற்சான்று யாருக்குரியது? தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவரும் வண்டிக்குரியது. எட்டு ஆண்டுகள் பலர் கைமாறிய ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு அந்தச் சான்றின் பாதி செல்லுபடியாகலாம், செல்லாமலும் போகலாம். வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கும். அதன் உதிரிப்பாகத்தின் விலையோ இறங்குவதில்லை. உயர்ந்த வண்டியின் கியர்ப் பெட்டி பழுதானால், உயர்ந்த வண்டிக்குரிய பணத்தையே கொடுத்துத் திருத்த வேண்டும். போதாக்குறைக்கு, எங்கள் கரையில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்து இரும்பைத் தின்னும். அந்தக் காற்றுக்குப் பழம்பெயரென்றும் புதுப்பெயரென்றும் பேதமில்லை.

அடுத்து, புதியவனின் கதை. மலிவாக வரும் புதிய வண்டியை ஐயத்தோடு பார்ப்பது உலக வழக்கம். அந்த ஐயம் சில வேளை சரியாகவும், சில வேளை பிழையாகவும் முடிந்திருக்கிறது. டொயோட்டாக் கம்பனி 1957இல் தனது 'கிரவுன்' காரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அந்நாட்டின் நெடுஞ்சாலை வேகத்துக்கு அது தாக்குப்பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டது. அதே கம்பனியின் தலைவர் எய்ஜி டொயோடா 1983இல் தம் பொறியியலாளரை அழைத்து, உலகின் மிகச்சிறந்த காருக்கு ஈடான ஒன்றைச் செய்ய முடியுமா என்று வினவினார். ஆறாண்டு உழைப்பின் பின், 1989 செப்டம்பரில் 'லெக்சஸ் எல்எஸ் 400' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை ஏறக்குறைய 35,000 டாலர். அதே தரத்து ஜெர்மன் வண்டிகளுக்கு ஏறக்குறைய 20,000 டாலரும் அதற்கு மேலும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

விலைக்குறைவினால் மட்டுமே லெக்சஸ் வென்றது என்று நினைப்பது பொருந்தாது. விற்பனை தொடங்கிச் சில மாதங்களுக்குள் பிரேக் விளக்கிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் குறை இருப்பதாகச் சில முறைப்பாடுகள் எழுந்தன. டிசம்பரில், விற்ற ஏறக்குறைய 8,000 வண்டிகளையும் கம்பனி திருத்தத்துக்கு அழைத்தது. உரிமையாளரின் வீட்டுக்கே சென்று வண்டியை எடுத்து, திருத்தி, கழுவி, பெற்றோல் நிரப்பி, திரும்பக் கொண்டுவந்து விட்டது. இருபது நாளில் வேலை முடிந்தது. பெயரைக் கெடுத்திருக்க வேண்டிய குறையே பெயரைத் தேடித் தந்தது. 1991இல் அமெரிக்காவில் விற்ற இறக்குமதி ஆடம்பரக் கார்களுள் லெக்சஸ் முதலிடத்துக்கு வந்தது.

இதற்கு எதிரான கதையும் அதே நாட்டில் அதே காலத்தில் நடந்தது. பிரித்தானியாவின் ரோவர் கம்பனியும் ஜப்பானின் ஹொண்டாக் கம்பனியும் கூடி ஒரே திட்டத்தில் இரு செடான்களை உருவாக்கின. ஹொண்டாவின் வண்டி 'லெஜண்ட்' என்ற பெயரில் நன்றாக ஓடியது. ரோவரின் வண்டி 'ஸ்டேர்லிங்' என்ற பெயரோடு 1987இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தோலும் மரமும் இழைத்த அழகிய வண்டி. ஆனால் மின்னிணைப்புகளிலும் உள்வேலையிலும் குறைகள் மலிந்தன. 1991இல் ஸ்டேர்லிங் அங்கிருந்து விலகிக்கொண்டது. வாங்கியவர்கள் வண்டியோடு தனித்து நின்றனர்.

இவ்விரு கதைகளையும் மருமகனுக்குச் சொல்லி, "புதியவன் குறையே இல்லாதவனா என்று கேட்காதே. குறை வந்தால் வாசலுக்கு வருவானா, பத்தாண்டு கழித்தும் இந்த ஊரில் இருப்பானா என்று கேள்" என்றேன்.

பிவைடி நேற்று முளைத்த காளானன்று. 1995இல் சென்சென் நகரில் மின்கலம் செய்யும் நிறுவனமாகத் தொடங்கி, 2003இல் கார்த் தொழிலில் கால் வைத்தது. 2022 மார்ச்சில், பெற்றோலில் மட்டும் ஓடும் வண்டிகளைச் செய்வதையே நிறுத்திக்கொண்டது. அதன் பற்றரியில் பயன்படுவது இரும்பும் பொசுபேற்றும் கலந்த வகை. நிக்கல் வகையைவிட எடை கூடியது. ஆனால் எளிதில் தீப்பற்றாது, கூடுதலான முறை மின்னேற்றத்தைத் தாங்கும். இலங்கையில் ஜோன் கீல்ஸ் குழுமம் முகவராக இருக்கிறது. வேரூன்றிய வணிக நிறுவனம் ஒன்று பின்னால் நிற்பது சிறு ஆறுதலன்று.

பிறகு எங்கள் ஊரின் கணக்குக்கு வந்தோம். ஆலங்குடாவிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்த்திரும்ப ஏறக்குறைய 250 கிலோமீட்டர். 'சீல்' வண்டியின் 82.5 கிலோவாற் மணிப் பற்றரி, ஐரோப்பியப் பரிசோதனையில் 570 கிலோமீட்டர் வரை ஓடியது. குளிரூட்டி இயங்க, நால்வரும் பெட்டிகளுமாக ஏறினால் அது குறையும். எனினும் எங்கள் பயணத்துக்கு மிஞ்சும். வீட்டின் சாதாரண 30 அம்பியர் இணைப்பில் ஏறத்தாழ 7 கிலோவாற்றுக்கு மேல் எடுக்க இயலாது. ஆகவே வெறும் பற்றரி நிரம்பப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். நள்ளிரவு விமானத்துக்கு ஒருவரை விட்டு வந்து, விடிந்ததும் இன்னொருவரை ஏற்றும் தொழிலில் இது கவனிக்க வேண்டிய குறை.

எரிபொருள் பற்றிப் பேசியபோது ராத்தா 2022ஐ நினைவூட்டினார். அவ்வாண்டில் மருமகன் டீசல் வரிசையில் வேனுக்குள்ளேயே படுத்துறங்கிய இரவுகள் பல. மின்சார வண்டி அந்தத் துன்பத்திலிருந்து காக்கும் என்பது அவருடைய கருத்து. அதே ஆண்டில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டும் இருந்ததை நான் எடுத்துச் சொன்னேன். இரண்டும் கடல் கடந்து வரும் எரிபொருளை நம்பியவைதாமே! எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2011இல் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாற் ஆற்றலுடையது. இறக்குமதி நிலக்கரியில் எரிகிறது. இன்னொரு பக்கம் மாம்புரிக் கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆகவே புகையில்லா வண்டி என்பது பாதி உண்மை. புகை வண்டியிலிருந்து நீங்கி, ஊரின் ஓரத்தில் போய் நிற்கிறது. கூரையில் சூரியத் தகடு பதித்துப் பகலில் ஏற்றிக்கொண்டால் அந்தப் பாதி சற்று வளரும்.

இத்தனையும் கேட்டபின் மருமகன் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னான்: "மாமா, பென்ஸில் வந்து இறங்கினால் விடுதி முதலாளி எழுந்து நிற்பார். அதற்கும் ஒரு விலை உண்டல்லவா?"

உண்டு என்றேன். மதிப்பும் தொழிலின் முதலீடுதான். ஆனால், நடுவழியில் நின்றுபோகும் பழைய பென்ஸுக்காக எழுந்து நிற்பவர் யாருமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மேலும், எங்கள் கரையில் படகுக்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்கும் மீனவன், அதன் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை; உதிரிப்பாகம் கற்பிட்டியில் கிடைக்குமா என்றே கேட்கிறான். கடலில் நின்றுபோனால் உயிருக்கு ஆபத்தென்பதை அவன் அறிவான். காணியை விற்று வண்டி வாங்குபவனும் ஒரு வகையில் கடலில்தான் இறங்குகிறான்.

அதுவரை அமைதியாயிருந்த ராத்தா அப்போது வாய் திறந்தார். "நாமும் இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள்தான். வந்த அன்று யாரும் நம்மை நம்பிக் கடன் தரவில்லை. அதில் பிழையும் இல்லை. தங்கியிருந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தோம், பிறகு நம்பினார்கள். புதியது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், புதியது என்பதற்காக ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். எழுத்தில் வாங்கு, மகன்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் விவாதம் முடிவுக்கு வந்தது. மருமகன் கொழும்புக்குச் சென்று, பற்றரிக்கான உத்தரவாதம் எத்தனை ஆண்டுக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு, ஹயர் ஓடும் வண்டிக்கும் அது செல்லுமா, கடற்கரையில் துருப்பிடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற்றுவந்தான். அதன் பின்னரே காணி கைமாறியது. புதிய வண்டி வாசலுக்கு வந்தது. விலையில் மிஞ்சிய தொகை வீட்டில் மின்னேற்றும் கருவி பொருத்தவும், ஓராண்டுக் காப்புறுதிக்கும் போதுமானதாயிருந்தது.

வாசகர்களுள் எவரேனும் இத்தகைய தெரிவின் முன் நிற்பாராயின், எங்கள் முடிவையே பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். கையில் நிறைந்த பணமும் அருகில் கைதேர்ந்த கராஜும் உடையவர், நன்கு பேணப்பட்ட பென்ஸை வாங்கி இன்னும் பத்தாண்டுகள் நிம்மதியாக ஓட்டலாம். நாளையே விற்க நினைப்பவருக்கும் பழம்பெயரே பாதுகாப்பு. புதிய மின்சார வண்டியின் மறுவிற்பனை விலை எந்நிலையில் நிற்கும் என்பதை இனிவரும் ஆண்டுகளே சொல்லவேண்டும். பெயருக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அந்தப் பெயர் நமக்கு என்ன செய்து தரும் என்று கேளாமல் கொடுப்பதே தவறு.

மருமகன் இப்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு பயணத்துக்கும் பெற்றோலுக்குப் போயிருக்க வேண்டிய தொகையைக் கணக்கிட்டு, மின்கட்டணம் போக எஞ்சியதில் பாதியைத் தாயின் பெயரிலுள்ள கணக்கில் இட்டுவருகிறான். பற்றரி முதுமையடையும் நாளில் அதை மாற்றுவதற்கு ஒரு பங்கு. அதற்கு முன்பே காணி ஏதும் விலைக்கு வந்தால், அதற்கு மற்றொரு பங்கு.