கேட்கும் மூக்கு

எங்கள் பீகிளுக்கு மிக்சர் என்று பெயர் வைத்தது அப்பா. கறுப்பு, வெள்ளை, பழுப்பு எல்லாம் கலந்திருக்கிறதல்லவா, அதனால். அம்மா போன மறுவருடம் நான்தான் குட்டியாக வாங்கிக்கொண்டுபோய் மதுரை வீட்டில் விட்டேன். அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறைகூட ஒழுங்காகப் போன் செய்யாத குற்ற உணர்ச்சியும் ஒரு காரணம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வாங்குமுன் படித்திருக்க வேண்டியதைப் பிறகுதான் படித்தேன். பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். மண்ணில் மூக்கை வைத்து வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகும். ஆட்கள் பின்னால் நடந்து போவார்கள். தடம் கிடைத்தால் ஊளை மாதிரி நீட்டிக் குரல் கொடுக்கும். கூட்டமாக ஓடிப் பழகிய இனம் என்பதால் தனிமை தாங்காது. தெருவில் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் "மிக்சர், வா!" என்று எத்தனை தடவை கத்தினாலும் திரும்பாது. அது திமிர் இல்லை, அதன் வேலை. அதனால் கயிறில்லாமல் வெளியே விடக் கூடாது.

அப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாமல் ஈரம் தங்கிப் புண்ணாகும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஞாயிறுதோறும் காதைத் தூக்கிப் பார்த்து, மருந்து நனைத்த பஞ்சால் துடைப்பார். சாப்பாட்டில்தான் கோட்டை விட்டார். பீகிளுக்குப் போதும் என்பதே கிடையாது. காலையில் தோசை ஓரம், டீ நேரத்தில் பிஸ்கட், ராத்திரி தயிர்சாதம்.

பொங்கலுக்குப் போனபோது எடை பதினேழரை கிலோ. பத்து, பதினொன்றுக்குள் இருக்க வேண்டிய நாய். "விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும் சார். இப்படியே போனா முதுகும் மூட்டும் போயிரும்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் அப்பா கையில் வெங்காய வடை. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களையே சிதைக்கக்கூடியது.

"அப்பா, நீங்கதான் இதைக் கொல்லப்போறீங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று ராத்திரி விளக்கணைத்த பிறகு, கட்டிலிலிருந்து சொன்னார்: "அது வந்து கேக்குதும்மா. இந்த வீட்டுல என்கிட்ட வேற யாரு என்ன கேக்குறா?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பீகிளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பீகிள்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் மோப்பத்திலேயே காட்டிக்கொடுக்கும். அப்போதுதான் தோன்றியது: மிக்சருக்கு வயிறு மட்டுமா பசிக்கிறது? மூக்கும் பசியோடு இருக்கிறதே.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். ஒரு நாளைக்கான தீனியை டம்ளரில் அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒளித்துவைக்க வேண்டும். கூட வேகவைத்த பீன்ஸ், கேரட் துண்டு. கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அது தேடி எடுக்கணும். அப்பா பதில் சொல்லவில்லை. மத்தியானம் பழைய வேட்டியைச் சுருட்டி, மடிப்புக்கு ஒன்றாக பீன்ஸ் வைத்துக்கொண்டிருந்தார். மிக்சர் வாலை நட்டுக்கொண்டு வேட்டியையே பிரித்துப் போட்டது. அம்மா போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

எட்டு மாதமாகிறது. காலை மாலை இரண்டு பேரும் நடக்கிறார்கள். எடை பதினாலுக்கு வந்திருக்கிறது, இன்னும் குறையணும்.

இப்போதெல்லாம் ராத்திரி எட்டரைக்கு நான் போன் செய்கிறேன்.

"என்னப்பா, இன்னிக்கு எங்க ஒளிச்சீங்க?"

"அம்மா பீரோவுக்குப் பின்னால. ரெண்டே நிமிஷம்மா, கண்டுபுடிச்சிருச்சு. நாளைக்கு வேற இடம் யோசிச்சு வச்சிருக்கேன். இப்பச் சொல்ல மாட்டேன், பக்கத்துலதான் நிக்குது."