சவப்பெட்டிக் கடையில் ஒலித்த சங்கீதம்!

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் நயாகரா, நியூயார்க், டிஸ்னி என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். என் மகள் இருப்பதோ அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில். ராக்கெட் மியூசியத்தை இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை மாப்பிள்ளை கேட்டார், "மாமா, நீங்க அந்தக் காலத்துல மெல்லிசைக் குழுவுல டிரம்ஸ் வாசிச்சீங்கன்னு அத்தை சொன்னாங்களே? அப்படின்னா உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு. ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம்."

அந்த ஊரின் பெயர் மஸல் ஷோல்ஸ்.

72-ம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 110 கிலோமீட்டர். இருபுறமும் பருத்தி வயல்கள், சின்னச் சின்ன சர்ச்சுகள், நடுநடுவே ஒரு பெட்ரோல் பங்க். 'இங்கே என்ன இருக்கப் போகிறது?' என்றுதான் நினைத்தேன். டென்னஸி ஆறு குறுக்கிடும் இடத்தில் ஃபிளாரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸல் ஷோல்ஸ் என நான்கு ஊர்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நான்கையும் சேர்த்து 'தி ஷோல்ஸ்' என்கிறார்கள்.

ஊர் சிறியதுதான், பெருமை பெரியது. 'ப்ளூஸ் இசையின் தந்தை' எனப்படும் டபிள்யூ.சி.ஹேண்டி 1873-ல் பிறந்தது ஃபிளாரன்ஸில். எல்விஸ் பிரெஸ்லியை உலகுக்குக் காட்டிய சாம் ஃபிலிப்ஸ் 1923-ல் பிறந்ததும் இங்கேதான். ஹெலன் கெல்லர் பிறந்த வீடு டஸ்கம்பியாவில் இருக்கிறது. 'வாட்டர்' என்ற சொல்லை உள்ளங்கையில் எழுதி அவருக்குப் புரியவைத்தாரே ஆசிரியை ஆன் சல்லிவன், அந்தக் கைப்பம்பு இன்னும் அந்த முற்றத்தில் நிற்கிறது. பேத்தி அதன் எதிரே அசையாமல் நின்றாள்.

மூன்று இசை, ஓர் ஊர்

எங்கள் முதல் நிறுத்தம் அவலான் அவென்யூவில் இருக்கும் 'ஃபேம்' ஸ்டூடியோ. பெயரைப் பார்த்து மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். நம் ஊர் பழைய கூட்டுறவு பேங்க் கட்டடம் மாதிரி இருக்கிறது. 'ஃபிளாரன்ஸ் அலபாமா மியூசிக் என்டர்பிரைசஸ்' என்பதன் முதல் எழுத்துகள்தான் ஃபேம். 1950-களின் கடைசியில் ஃபிளாரன்ஸில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆரம்பித்த முயற்சி இது. ஆரம்பித்த மூவரில் இருவர் பிரிந்து போக, மிச்சம் நின்றவர் ரிக் ஹால்.

ரிக் ஹால் கடும் வறுமையில் வளர்ந்தவர். இளம் மனைவியை ஒரு கார் விபத்தில் பறிகொடுத்தார். அடுத்த சில வாரங்களுக்குள் அப்பாவையும் இழந்தார். அப்பாவுக்கு ஆசையாக அவர் வாங்கிக் கொடுத்த டிராக்டரே கவிழ்ந்து அப்பாவின் உயிரை எடுத்துவிட்டது. துக்கத்தையெல்லாம் வேலையில் கொட்டியவர் அவர். ஒரு பாட்டு சரியாக வரும் வரை யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாராம்.

இங்கே என்ன விசேஷம்? அமெரிக்க இசை பற்றித் தெரியாதவர்களுக்காக மூன்று வரியில் சொல்கிறேன். 'கன்ட்ரி' என்பது கிராமத்து வெள்ளையர்களின் இசை. கிடார், வயலின், அதோடு ஒரு கதை. 'சோல்' கறுப்பின மக்களின் சர்ச்சில் இருந்து வந்தது. பாடுகிறவர் உருகுவார், கதறுவார், கெஞ்சுவார். 'ஃபங்க்' அதிலிருந்து கிளைத்தது. டிரம்ஸும் பேஸ் கிடாரும் பின்னிப் பிணைந்து காலைச் சும்மா இருக்கவிடாது. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறிய ஊர்களில் முக்கியமானது இது. பின்னாளில் அந்தக் கலவைக்கு 'கன்ட்ரி சோல்', 'கன்ட்ரி ஃபங்க்' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். வாசித்தவர்களுக்கு அது வெறும் பாட்டுதான்.

பெட்டி தூக்கியவர், பஸ் ஓட்டியவர்

முதல் வெற்றியைக் கொண்டு வந்தவர் ஆர்தர் அலெக்ஸாண்டர். ஷெஃபீல்டில் ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளின் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர். வானொலியில் கன்ட்ரி பாட்டு கேட்டு வளர்ந்தவர். 1961-ல், புகையிலைக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தில் ரிக் ஹால் அவரது 'யூ பெட்டர் மூவ் ஆன்' பாட்டைப் பதிவு செய்தார். ஆர்ப்பாட்டமே இல்லாத குரல். கன்ட்ரி பாட்டின் சோகம், சோல் பாட்டின் ஈரம். பாட்டு ஓடியது. அந்தப் பணத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்த ஸ்டூடியோ கட்டப்பட்டது.

பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பாப் டிலன் என மூன்று தரப்பும் ஆர்தரின் பாடல்களைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பிறகு இசையை விட்டே விலகி, கிளீவ்லாந்து நகரில் பல வருடம் பஸ் ஓட்டினார். பாட்டு உலகத்தைச் சுற்றியது, அவர் கைக்கு வந்ததோ சொற்பம். 1993-ல் ஒரு புதிய ஆல்பத்தோடு திரும்பி வந்தார். மேடையேறினார். ஊரே கொண்டாட ஆரம்பித்த நேரத்தில், அதே ஜூன் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். வயது 53.

இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வெளியே வேறு உலகம்

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இது அலபாமா. கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாது என்று 1963-ல் மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக வாசலிலேயே மறித்து நின்ற ஊர். அதே ஆண்டு பர்மிங்ஹாம் சர்ச்சில் வெடிகுண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். ஆனால் இந்த ஸ்டூடியோவுக்குள் கறுப்பினப் பாடகரும் வெள்ளை வாத்தியக்காரர்களும் ஒரே அறையில், ஒரே பாட்டில் கண்ணோடு கண் பார்த்து வாசித்தார்கள்.

1966-ல் ஷெஃபீல்டில், பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில், மருத்துவமனையில் உதவியாளராக இருந்த பெர்ஸி ஸ்லெட்ஜ் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' அமெரிக்காவின் நம்பர் ஒன் பாட்டானது. அதே வருடம் வில்சன் பிக்கெட் ஃபேமுக்கு வந்தார். 1967 ஜனவரியில் வந்தார் அரீத்தா ஃபிராங்க்ளின்.

அதுவரை பெரிய ஹிட் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் அரீத்தா. வாத்தியக்காரர்களுக்கும் பாட்டை எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. ஸ்பூனர் ஓல்ட்ஹாம் எலெக்ட்ரிக் பியானோவில் சும்மா ஒரு சின்னத் துணுக்கை உருட்ட, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறந்தது 'ஐ நெவர் லவ்டு எ மேன்'. அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட பாட்டு.

கதை அங்கே இனிப்பாக முடியவில்லை. அறையில் இருந்த வாத்தியக்காரர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். டிரம்பெட் வாசித்தவருக்கும் அரீத்தாவின் கணவருக்கும் வாய்த்தகராறு. சமாதானம் பேச ரிக் ஹால் ஹோட்டலுக்குப் போக, அது கைகலப்பாக முடிந்தது. மறுநாள் அரீத்தா கிளம்பிவிட்டார். ஒரு பாட்டு முழுசாக, இன்னொன்று அரைகுறையாக. அதன் பிறகு அவர் இந்த ஊரில் பாடவே இல்லை. ஆனால் இதே வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து மிச்சத்தை முடித்தார். ஸ்டூடியோ சுவர் வெளியுலகத்தை முழுசாகத் தடுத்துவிடவில்லை. தடுத்த அளவுக்கே இத்தனை பாட்டு கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரெதிர் திசைப் பயணம்

1970-ல் நடந்ததைப் பாருங்கள். மிசிசிப்பியைச் சேர்ந்த வெள்ளைப் பாடகி பாபி ஜென்ட்ரி, ஃபேமில் பதிவு செய்த 'ஃபேன்ஸி' ஆல்பத்தை வெளியிட்டார். ஏழைத் தாய் ஒருத்தி, மகளாவது பிழைக்கட்டும் என்று எடுக்கும் விபரீத முடிவுதான் அதன் தலைப்புப் பாட்டு. கதை சுத்தமான கன்ட்ரி. பின்னால் ஓடும் தாளமும் டிரம்பெட்டும் ஃபங்க்.

அதே ஆண்டு, அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகி கேண்டி ஸ்டேட்டன், டாமி வைனெட்டின் புகழ்பெற்ற கன்ட்ரி பாட்டான 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்'-ஐ இங்கே சோல் பாட்டாகப் பாடினார். கிராமி பரிந்துரை வரை போனது. அந்த மூலப் பாட்டை டாமியோடு சேர்ந்து எழுதிய பில்லி ஷெரில் யார் தெரியுமா? மருந்துக்கடை மாடியில் ஃபேமை ஆரம்பித்து, பிறகு பிரிந்துபோன மூவரில் ஒருவர்!

அந்த வருடத்தின் இன்னொரு பாட்டு 'பேட்ச்சஸ்'. பாடியவர் பார்வையற்ற கறுப்பினப் பாடகர் கிளாரன்ஸ் கார்ட்டர். கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட துணி உடுத்தியதால் 'ஒட்டு' என்று கேலி செய்யப்படும் ஓர் ஏழை விவசாயியின் மகன். சாகக் கிடக்கும் அப்பா, குடும்பப் பொறுப்பை அவன் தலையில் வைத்துவிட்டுக் கண்மூடுகிறார். எழுதியது ரிக் ஹால் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டபோது அவருக்குத் தன் அப்பாதான் ஞாபகம் வந்தாராம். பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. ரிக் ஹால் 2018 ஜனவரியில் மறைந்தார்.

3614, ஜாக்ஸன் ஹைவே

அடுத்து ஷெஃபீல்டில் இருக்கும் 'மஸல் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டூடியோ'. கதவிலக்கம்தான் இதன் அடையாளம். முன்பு சவப்பெட்டிகளை விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த கட்டடம். ஃபேமில் வாசித்துக்கொண்டிருந்த நான்கு பேர் 1969-ல் தனியாக வந்து இதைப் பிடித்தார்கள். ரோஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸ், டேவிட் ஹுட் பேஸ், ஜிம்மி ஜான்சன் கிடார், பேரி பெக்கெட் கீபோர்டு. செல்லப் பெயர் 'ஸ்வாம்பர்ஸ்'.

அந்த டிசம்பரிலேயே ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வந்து மூன்று நாளில் மூன்று பாட்டு பதிவு செய்துவிட்டுப் போனது. 'வைல்டு ஹார்ஸஸ்' பாட்டை கீத் ரிச்சர்ட்ஸ் கழிவறையில் உட்கார்ந்து முடித்தார் என்று சொல்லி, எங்களைக் கூட்டிப்போன இளைஞர் அந்தச் சின்ன அறையைத் திறந்து காட்டினார். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தாள்.

1972-ல் ஸ்டேபிள் சிங்கர்ஸ் குடும்பம் பாடிய 'ஐ'ல் டேக் யூ தேர்' இங்கே பதிவாகி நம்பர் ஒன் ஆனது. அதைக் கேட்ட பால் சைமன், 'இந்தக் கறுப்பின வாத்தியக்காரர்கள் எனக்கு வேண்டும்' என்று தேடி வந்தாராம். வந்து பார்த்தால், பலசரக்குக் கடை கணக்குப்பிள்ளை மாதிரி நான்கு வெள்ளைக்காரர்கள்!

டிரம்ஸ் இருந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றேன். ரோஜர் ஹாக்கின்ஸின் வாசிப்பில் வித்தை காட்டும் வேகம் இருக்காது. இரண்டாவது, நான்காவது அடிகள் மட்டும் ஒரு துளி தாமதமாக விழும். அந்த ஒரு துளியில் பாடகர் மூச்சு வாங்கிக்கொள்வார். பாடுகிறவருக்கு இடம் விடுவது டிரம்ஸ்காரனின் தர்மம். ஹாக்கின்ஸ் 2021-ல் காலமானார்.

என்னை அறியாமல் விரல்கள் தொடையில் தட்டியிருக்கின்றன. "யூ பிளே, சார்?" என்று கேட்டார் அந்த இளைஞர். நான் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள், "ஹி யூஸ்டு டு."

22 வயதில் பேங்க் வேலை கிடைத்தது. அப்பா சந்தோஷப்பட்டார். டிரம்ஸை விற்றுத் தங்கை கல்யாணத்துக்கு ஒரு செலவைச் சமாளித்தோம். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, அப்படித்தான் இத்தனை வருடம் சொல்லிவந்தேன். கிளீவ்லாந்தில் ஸ்டீயரிங் பிடித்த ஆர்தர் அலெக்ஸாண்டரும் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ?

சாயங்காலம் வில்சன் அணை அருகே ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். முதல் உலகப்போர் காலத்தில், வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுக்க 1918-ல் கட்டத் தொடங்கிய அணை. இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த யூச்சி பழங்குடியினர், தண்ணீருக்குள் ஒரு பெண் பாடுகிறாள் என்று நம்பினார்களாம். அந்த மக்களை இங்கிருந்து துரத்தினார்கள். தே-லா-நே என்ற பெண் மட்டும் பாடும் ஆற்றைத் தேடிப் பல வருடம் நடந்தே திரும்பி வந்தாள். அவள் வம்சத்தில் வந்த டாம் ஹென்ட்ரிக்ஸ், 30 வருடத்துக்கும் மேலாகத் தன் கையாலேயே கல் அடுக்கி அவளுக்கு ஒரு நீண்ட மதில் எழுப்பியிருக்கிறார். ஃபிளாரன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

திரும்பும்போது காரில் 'பேட்ச்சஸ்' போடச் சொன்னேன். பேத்தி பின் ஸீட்டில் இருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, எனக்கு அந்த லேட் பீட் சொல்லித் தர்றீங்களா?" என்றாள். டேஷ்போர்டில் தட்டிக் காட்டினேன். முதல் இரண்டு முறை அவசரப்பட்டாள். மூன்றாவது முறை காத்திருந்தாள்.

ஹன்ட்ஸ்வில் வரும் வரை தட்டிக்கொண்டே வந்தோம்.

போகிறவர்களுக்கு: ஹன்ட்ஸ்வில் அல்லது நாஷ்வில் நகரில் இருந்து காரில் போவதே வசதி. இரண்டு ஸ்டூடியோக்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். ஃபேமில் இன்றும் ஒலிப்பதிவு நடப்பதால் நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள். டஸ்கம்பியாவில் அலபாமா இசைக் கலைஞர்களுக்கென்றே ஒரு மியூசியம் உண்டு. ஜூலையில் போனால் ஃபிளாரன்ஸில் டபிள்யூ.சி.ஹேண்டி இசைத் திருவிழாவையும் பார்க்கலாம்.