பாட்டியார் கண்ட பந்தாட்டம்

காரைக்கால் 1954-இல் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கியபோது என் பாட்டியார் பன்னீராண்டுச் சிறுமி. தமையன்மார் டென்னிஸ் ஆடுவர். பந்து பொறுக்கித் தருவதே அவருக்கு வாய்த்த பங்கு.

2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் உலக மகளிர் டென்னிஸ் சங்கப் பந்தயம் நடைபெற்றபோது அவரை அழைத்துச் சென்றேன். ஒற்றையர் முதற் சுற்றில் நம் நாட்டுக் கர்மன் கௌர் தாண்டியும் பிரெஞ்சு நாட்டுக் குளோயி பாக்கேயும் எதிர்ப்பட்டனர். பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி மறைந்த கணவரின் ஓய்வூதியத்தால் வாழும் பாட்டியார் எவர் பக்கம் நிற்பாரோ என ஐயுற்றேன். முதற் செட்டை 4-6 என இழந்த கர்மன், 6-4, 6-3 என மீண்டு வென்றார். அரங்கம் ஆரவாரித்தது. பாட்டியாரோ இருவருக்கும் கை தட்டினார்.

"பாட்டி, தாங்கள் யார் வெற்றியை விரும்பினீர்கள்?" என வினவினேன்.

"வெற்றியையா பார்த்தேன், தம்பி? அப் பெண்கள் அடித்த பந்தைப் பொறுக்கப் பையன்கள் ஓடினார்களே, அதையன்றோ பார்த்தேன்!" என்று நகைத்தார். யான் நகைத்திலேன்.

இறுதியில் போலந்து நாட்டு மாக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என வென்று பட்டம் பெற்றவர் செக் நாட்டு லிண்டா புருவிர்தோவா; அகவை பதினேழு. அவ்வகவையிற் பாட்டியார் மணமாகி அடுக்களை புகுந்திருந்தார்.

நண்பர்காள், மாலையில் நம் ஆட்டக்களங்களில் மட்டை பிடிப்போர் யாவர், பந்து பொறுக்குவோர் யாவர் என ஒருமுறை நோக்குமின்.